இரண்டு விரல் இடைவெளி

தொப்பையை முன்னால் தள்ளி, மூச்சை உள்ளே பிடித்து, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் பிரேபென். ரோலர் கோஸ்டரில் வேலை செய்யும் பெண் வரிசை வரிசையாக வந்து, மடிக்கு மேலே இரும்புக் கம்பியை அழுத்துவாள். கம்பி வயிற்றில் முட்டி நிற்கும். "இறுக்கமா இருக்கா?" என்று கேட்பாள். "அம்மாடி, மூச்சே விட முடியல" என்பார் இவர். அவள் அடுத்த வரிசைக்கு நகர்ந்ததும் புஸ்ஸென்று மூச்சை விடுவார். வயிறு அமுங்கும். கம்பிக்கும் மடிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் பிறக்கும். அந்த இடத்துக்காகத்தான் இந்த மனிதர் உயிர் வாழ்கிறார் என்றாலும் தப்பில்லை.

அதற்கு, ரோலர் கோஸ்டர் பைத்தியம் பிடித்த எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் மிதப்பு. வண்டி உச்சியிலிருந்து சரியும்போது அது கீழே போய்விடும். நாம் மேலேயே நின்றுவிடுவோம். இருக்கையை விட்டு உடம்பு எழும்பும். கம்பி இறுக்கமாக இருந்தால் எழும்ப வழியில்லை. அதனால் எங்கள் கூட்டத்தில் இந்தத் தொப்பை வித்தை தெரியாதவர் கிடையாது. நானும் செய்வேன். ஆனால் என் வயிறு சொன்னபடி கேட்காது. பிரேபென்னின் வயிறு அப்படியல்ல, பழக்கப்பட்ட குதிரை.

இதில் கூத்து என்னவென்றால், திங்கள் முதல் வெள்ளி வரை இவர்தான் எங்கள் மேற்கு ஜூட்லாந்து வட்டாரத்தில் கார் ஓட்டும் தேர்வு நடத்துகிற அதிகாரி. ஊரில் பதினெட்டு வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு இவர் பெயரைக் கேட்டாலே கை தானாக சீட் பெல்ட்டைத் தேடும். என்னை இரண்டு முறை பெயிலாக்கியவர். இரண்டாம் முறை நான் காரை ஒரு அடிகூட நகர்த்தவில்லை. சாவியைப் போடப் போனேன். இவர் தன் இரண்டு விரலை என் பெல்ட்டுக்கும் தோளுக்கும் நடுவே விட்டுப் பார்த்தார்.

"ரெண்டு விரல் போகுது. இறங்கிடுங்க."

அவ்வளவுதான் தேர்வு. பல வருடங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, கோஸ்டர் வரிசையில் நிற்கும்போது கேட்டேன். "ஏன் பிரேபென், ஊருக்குத்தான் உபதேசமா? காருக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயமா?" வாயில் போட்டிருந்த கறுப்பு உப்பு மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அது ரோடு. இது சந்தோஷம்."

ஸ்ட்ராண்ட்வாங் பூங்கா திறக்கும் வசந்தத்திலிருந்து இலை உதிர்கிறவரை சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். அங்கே கடற்கரையை ஒட்டி மரத்தாலான பழைய கோஸ்டர் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கடற்பாம்பு. உள்ளே வந்ததும் அதன் மரத்தூண் ஒன்றில் கையை வைத்துவிட்டுத்தான் வரிசைக்குப் போவார். எப்போதும் கடைசி வரிசைதான் வேண்டும்; மிதப்பு அதிகம் அங்கேதான். அந்த இடம் காலியாகும்வரை பின்னால் வருகிறவர்களை எல்லாம் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று முன்னால் அனுப்பிக்கொண்டே இருப்பார். வெளியூர்க்காரர்கள் எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். மழை பெய்தால் மற்றவர்கள் காப்பிக் கடைக்கு ஓடுவார்கள், இவருக்கு வாயெல்லாம் பல்லாகும். நனைந்த தண்டவாளத்தில் வண்டி இன்னும் வேகமாகப் போகுமாம்.

இவ்வளவு காலமும் கீழே ஒரு பெஞ்சில் இவர் மனைவி இங்கர் உட்கார்ந்திருப்பாள். மடியில் இவருடைய ஜாக்கெட், பையில் இவருடைய மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் காப்பி பிளாஸ்க், கையில் பின்னல் ஊசி. ஈர்க்குச்சி உடம்பு. பூக்கடை வைத்திருக்கிறாள். மேலேயிருந்து அலறல் கேட்டால்கூடத் தலையைத் தூக்க மாட்டாள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் போட்டிருக்கும் ஸ்வெட்டர் அந்தப் பெஞ்சில் பிறந்ததுதான். "நீங்களும் ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்" என்று யாராவது சொன்னால், "நான் வீட்டுல பார்க்குற ஆட்டம் போதும்மா" என்று முடித்துவிடுவாள்.

போன சனிக்கிழமை அந்த இங்கர் ஊசியைப் பையில் செருகிவிட்டு எழுந்து நின்றாள்.

"இன்னிக்கு நானும் வரேன்."

பிரேபென் வாயிலிருந்த மிட்டாயை அப்படியே விழுங்கிவிட்டார். "எங்கே?"

"எங்கேன்னா? நீ எங்கே போறியோ அங்கேதான். முப்பது வருஷமா உன் ஜாக்கெட்டுக்குக் காவல் இருக்கேன். மேலே அப்படி என்னதான் வெச்சிருக்கன்னு சாகறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடறேன்."

ஜாக்கெட்டும் கண்ணாடியும் பிளாஸ்க்கும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தன. நாங்கள் மூவரும் வரிசையில் நின்றோம். பிரேபென்னை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. தூணைத் தொட மறந்தார், திரும்பிப் போய்த் தொட்டுவிட்டு வந்தார். மனைவிக்கு வழி நெடுகப் பாடம் நடத்தினார். "கம்பியைப் பிடிக்கக் கூடாது, தெரியுதா? கையைத் தூக்கிடணும். எங்க ஆளுங்க யாரும் பிடிக்க மாட்டாங்க. பயமா இருந்தா இப்பவே சொல்லிடு."

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீதான்ப்பா நடுங்குற."

நடுங்கத்தான் செய்தார். அவள் குழந்தைகளின் ராட்டினத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சமயம் என் காதருகே குனிந்தார். "அவளுக்குப் பிடிக்கணும். பிடிக்கலைன்னு சொல்லிட்டான்னு வை, இந்த முப்பது வருஷமும் கிறுக்குத்தனம்னு ஆயிடும்." எனக்குப் பாவமாக இருந்தது. ஊரையே பெயிலாக்குகிற மனிதர் அன்று தேர்வு எழுத வந்திருந்தார்.

கடைசி வரிசை காலியாகும்வரை வழக்கம்போல இரண்டு வண்டிகளை விட்டுக் காத்திருந்தோம். இருப்பதில் சிறந்ததை அவளுக்குக் கொடுக்க ஆசை. அவர்கள் இருவரும் கடைசியில் உட்கார்ந்தார்கள். நான் அதற்கு முந்திய வரிசையில் தனியாக. டில்டே என்கிற பெண்தான் அன்று கம்பி அழுத்த வந்தாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடற்பாம்பு பழைய வண்டி. ஒரு இருக்கைக்கு ஒரே கம்பிதான், இரண்டு பேர் மடிக்கும் சேர்த்து. யார் பருமனோ அவர் வயிறு தடுக்கிற இடத்தில் அது நின்றுவிடும். பிரேபென் எப்போதும் தனியாக உட்காருகிறவர். அவருக்கு அதைப் பற்றி நினைக்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

"என்ன பிரேபென், இன்னிக்கு ஜோடியா? இறுக்கமா இருக்கா?"

"அம்மாடி, மூச்சே விட முடியல."

எனக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது. எத்தனையோ முறை கேட்ட குரல்தான். எனக்கும் உறைக்கவில்லை. டில்டே கையை உயர்த்திக் காட்டினாள், வண்டி நகர்ந்தது.

சங்கிலி பிடித்து இழுக்க, கடகடவென்று ஏற்றம் ஏற ஆரம்பித்தோம். கடல் காற்று முகத்தில் அடித்தது. இங்கரைக் கொஞ்சம் சீண்டலாமே என்று திரும்பினேன். அவள் இரண்டு கையையும் உயரத் தூக்கி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பெண் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கண் கீழே போனது. கம்பி பிரேபென்னின் வயிற்றுக்கு மேல் நின்றது. அதே கம்பி இங்கரின் பக்கம் அந்தரத்தில் இருந்தது. அவள் மடிக்கும் அதற்கும் நடுவே ஒரு முழு பிரெட்டையே வைத்திருக்கலாம்.

நிமிர்ந்து பிரேபென்னைப் பார்த்தேன். அவரும் அந்த இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கர், கம்பியைப் பிடி."

"நீதானே பிடிக்கக் கூடாதுன்ன!"

"பிடின்னு சொல்றேன்ல!"

அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பெயிலாக்கும்போதுகூட மெதுவாகத்தான் பேசுவார். இங்கர் காதில் காற்றுதான் விழுந்தது போலிருக்கிறது, இன்னும் உயரமாகக் கையைத் தூக்கினாள். நான் கீழே பார்த்து, "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ரோலர் கோஸ்டரில் நிறுத்தச் சொல்லிக் கத்துகிறவளை யார் மதிப்பார்கள்? முன் வரிசைகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கீழே டில்டே சிரித்துக்கொண்டே கையசைத்தாள்.

பிரேபென் மூச்சை முழுக்க விட்டார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் வயிற்றுக்குள் அழுத்தினார். 'டக்'கென்று கம்பியின் பூட்டு ஒரு பல் இறங்கியது. அதற்கு மேல் அசையவில்லை. இத்தனை காலம் வேண்டுமென்றே புடைத்துக் காட்டிய வயிறு, இப்போது நிஜமாகவே அங்கே இருந்தது. முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைக்க மறுபடி அழுத்தினார். இன்னொரு 'டக்'. அது போதாது என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

"இங்கர், தயவுசெஞ்சு."

சங்கிலி விட்டுவிட்டது. உச்சியில் ஒரு நொடி சத்தமே இல்லை.

சரியும்போது திரும்ப முடியாது. நான் முன்னால் பார்த்தபடி விழுந்தேன். பின்னால் ஒரு வீல் என்ற அலறல். பிறகு எதுவும் இல்லை. இரண்டாவது மேடு வந்தது. பின்னாலிருந்து சத்தமில்லை. மூன்றாவது வளைவு, மறுபடி மேடு. எனக்குப் பிடித்த மிதப்பு எல்லாம் அந்த மேடுகளில்தான். அன்று ஒவ்வொரு மேட்டையும் சபித்தேன். என் பின்னால் இருவர் இருக்கிறார்களா ஒருவரா என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெய்வத்தை அவ்வளவாகக் கூப்பிடாதவள் நான், அன்று கூப்பிட்டேன்.

வண்டி நிலையத்துக்குள் வந்து நின்றது. திரும்பினேன்.

இருவரும் இருந்தார்கள். பிரேபென் பேயறைந்தவர் போல இருந்தார். கம்பியை விட்டுவிட்டு மனைவியின் மேல் முக்கால்வாசி சாய்ந்து, ஒரு கையை அவள் மடிக்குக் குறுக்கே போட்டு, அந்தக் கை முஷ்டியில் அவளுடைய ஸ்வெட்டரைச் சுருட்டிப் பிடித்திருந்தார். இடுப்புப் பக்கம் பின்னல் பிரிந்து நூல் தொங்கியது. விரல்களை அவரால் பிரிக்க முடியவில்லை. டில்டே கம்பியைத் திறந்த பிறகும் அப்படியே இருந்தார்.

இங்கரின் கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் முடி. கண்ணில் நீர். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

"பறந்தேன் பிரேபென்! சத்தியமா பறந்தேன்! கீழே சீட்டே இல்ல!"

அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"இதைப் போய் இத்தனை வருஷம் நீ மட்டும் தனியா அனுபவிச்சியே, மகா கஞ்சன்! அய்யய்யோ, என் ஸ்வெட்டரை என்ன பண்ணி வெச்சிருக்க? உனக்குப் பயமா? இத்தனை வருஷம் ஏறினவனுக்குப் பயமா?" என்னைப் பார்த்தாள். "பார்த்தியா இவனை? வெள்ளையா வெளுத்துப் போயிட்டான்!"

நான் பிரேபென்னைப் பார்த்தேன். சொல்லுங்கள் என்று கண்ணால் கேட்டேன். அவர் உதடு அசைந்தது. "போதும் இங்கர். காப்பி குடிக்கலாம் வா" என்பதுதான் வெளியே வந்தது.

"போதுமா? நான் அந்தப் பெஞ்சுல எத்தனை வருஷம் உட்கார்ந்தேன்! ஒரு நாளாவது போதும்னு சொல்லியிருக்கேனா? எழுந்திரு, எழுந்திரு." அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி வரிசையை நோக்கி நடந்தாள். அவரும் போனார். நானும் பின்னாலேயே போனேன். கடைசி வரிசை வேண்டாம், நடுவில் உட்காரலாம் என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. "நீதானே சொன்ன, நல்லது எல்லாம் கடைசியிலதான்னு."

மறுபடி அதே இருக்கை. டில்டே வருவதற்கு முன்பே பிரேபென் மூச்சை எல்லாம் வெளியே விட்டார். வயிற்றை முதுகெலும்போடு ஒட்டுகிற மாதிரி உள்ளே இழுத்தார். கம்பியைத் தானே பிடித்துக் கீழே இறக்கினார். டக், டக், டக். அவர் முகம் வலியில் கோணியது.

"ஏய், இவ்வளவு இறுக்கமா எதுக்கு? போன தடவை மாதிரி விடேன்" என்றாள் இங்கர். "அப்போதானே நல்லா இருந்துச்சு!"

அவர் இன்னும் ஒரு பல் இறக்கினார்.

"இறுக்கமா இருக்கா?" டில்டே வந்து நின்றாள்.

பிரேபென் தன் வலது கையை நீட்டி, கம்பிக்கும் மனைவியின் மடிக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. இன்னொரு முறை நுழைத்துப் பார்த்தார்.