தத்துவம் படித்தால் சாமியார்

வணிகவியலுக்கு மார்க் போதவில்லை. பி.யூ.சி.யைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய எனக்குத் தூத்துக்குடிக் கல்லூரியில் மிச்சமிருந்தது தத்துவம் மட்டும்தான். ஏதோ ஒரு பி.ஏ. என்று சேர்ந்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் கடலோர ஊரான புன்னைக்காயலில் தத்துவம் படிப்பவர்கள் ஒரே வகைதான்: கோயில் சாமியாராகப் போகும் குருமடத்துப் பையன்கள். முதலில் தத்துவம், பிறகு இறையியல், அதன்பின் பூசை வைக்கலாம். எனவே நான் சாமியாருக்குப் படிப்பதாக ஊரே முடிவுகட்டிவிட்டது. இது வெறும் காலேஜ் படிப்பு என்று வாய் வலிக்கச் சொன்னேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அம்மா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி என்னைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டே வந்தாள்.

வேடிக்கை என்னவென்றால் படிப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று. கடவுள் உண்டு என்பதற்கான நிரூபணங்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். பிறகு ஒவ்வொன்றாக உடைத்தோம். கடைசி வருடத்தில் உடைக்க என்னிடம் நம்பிக்கை என்று ஒன்றும் மிச்சமில்லை. ஞாயிறு பூசையில் சும்மா நின்றேன்.

பட்டம் வாங்கியபின் புதுத் துறைமுகத்தில் வேலை கேட்டு அலைந்தேன். "தத்துவமா? குருமடத்துல இருந்து ஓடி வந்துட்டீரோ?" என்று சிரித்தார் அங்கிருந்த அதிகாரி. எங்கள் பக்கத்தில் அப்படி ஓடிவந்தவனுக்குப் பெண்கூடக் கொடுக்க மாட்டார்கள். அலுத்துப்போய் அப்பாவிடம் போய், நாளை முதல் மீன்பிடிக்க அவரோடு வள்ளத்தில் வருகிறேன் என்றேன்.

அவர் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வேண்டாம்லே. சாமிக்குக் குடுத்தத தொழிலுக்குக் கூட்டிட்டுப் போனா கடல் சும்மா விடுமா?"

"யாருப்பா குடுத்தா? நான் படிச்சது வெறும் பி.ஏ."

"உங்கம்மை குடுத்துட்டாளே."

அடுப்படிக்கு ஓடினேன். "திருப்பி வாங்கிக்கிட்டேன்னு அப்பாட்ட சொல்லும்மா" என்றேன். தருக்கத்தில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவன் நான். அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

"சாமிகிட்ட சொன்ன சொல்ல எப்படிலே திருப்ப?" என்றாள்.

பிறகு சோறு போட்டாள். வீட்டுக்கு வந்த சாமியாருக்கு வைப்பதுபோல் சீலா மீனின் நடுத்துண்டை என் தட்டில் வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை உட்காராமல் நின்றாள்.