முதல் வரிசையில் ஒற்றைச் சாக்ஸ்

அந்த வீட்டின் மூத்த மருமகளை எல்லோரும் ‘வெளிச்சம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிட உட்கார்ந்த மனிதனைக்கூட, “கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காருங்க, மூஞ்சில நிழல் விழுது” என்று எழுப்பிவிடக் கூடியவள். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவளுக்கு அது ஒட்டிக்கொண்ட வியாதி. கடையை விட்ட பிறகு, விளம்பரக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் தேடி வந்து படம் வாங்கிக்கொள்ளும் ஓர் இணையப் படக் களஞ்சியத்துக்குத் தன் படங்களை அனுப்பத் தொடங்கினாள். சாவிக்கொத்து, படிக்கட்டு, ஆறிப்போன காபி என்று வீட்டில் எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

அதில் ஒரு படம் அவளுக்கு உயிர். மொட்டை மாடிக் கொடியில் ஒரு வெள்ளைப் போர்வை காற்றில் உப்பி நிற்கும் படம். சுத்தமாக இருந்த போர்வையை மூன்று நாள் திரும்பத் திரும்ப நனைத்துக் காயப்போட்டு எடுத்தது. களஞ்சியத்தில் ‘துணி காய்தல்’ என்று யார் தேடினாலும் முதல் வரிசையில் முதல் படமாக நான்கு வருடம் அதுவே நின்றது. மாமியாரிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அந்த அம்மாளே வீட்டுக்கு வருகிறவர்களிடம், “எங்க மூத்தவ படம்தான் முதல்ல வரும்” என்று சொன்னது இந்தப் போர்வையால்தான். அந்த ஒரு இடத்தை வைத்துத்தான் அவள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடந்தாள்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாகி இளையவள் வந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. காலையில் போனால் ஆறு மணிக்குத்தான் வருவாள். ஒரு விடுமுறை நாளில் கொடியில் ஒரே ஒரு சாக்ஸ் தொங்குவதைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அக்கா, இதை அனுப்பலாமா? தேடுறவங்களுக்குக் கிடைக்கிற மாதிரி குறிச்சொல் போடணுமாமே, எத்தனை போடறது?”

ஐம்பது வரை போடலாம். மூத்தவள் தன் போர்வைக்கு ஐம்பதும் போட்டிருந்தாள். துணி, கொடி, வெயில் எல்லாம் தீர்ந்து, குடும்பம், அமைதி என்று போய், மடிப்பு அலை மாதிரி இருக்கிறதே என்று கடைசியில் கடலையும் சேர்த்திருந்தாள். வலை பெரிதானால் மீன் அதிகம் என்பது அவள் எண்ணம். அதை இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுக்க வாய் வரவில்லை.

“ஏழெட்டு போதும். நிறையப் போட்டா படத்தையே திருப்பி அனுப்பிடுவாங்க,” என்றாள்.

இளையவள் அதை அப்படியே நம்பி எட்டே எட்டு போட்டாள். சாக்ஸ், துணி காய்தல், ஜோடி தொலைந்தது, இந்த மாதிரி. மூன்றாம் மாதம் சாக்ஸ் மூன்றாம் வரிசைக்கு வந்தது. அடுத்த மாதம் முதல் வரிசையின் ஓரத்தில் நின்றது. ஒரு திங்கட்கிழமை மூத்தவள் பார்த்தபோது முதல் இடத்தில் சாக்ஸ், பக்கத்தில் போர்வை.

மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. நேற்று பெய்த மழையில் இன்று முளைத்த காளான், அதுவும் ஜோடியில்லாத ஒரு சாக்ஸை வைத்துக்கொண்டு! மாமியார் வேறு, “சின்னவளுக்குக் கைராசி” என்று ஆரம்பித்துவிட்டார். மூத்தவள் வீட்டுக்காரரிடம் படத்தைத் திறந்து காட்டி நியாயம் கேட்டாள். அவர் லிப்ட் மெக்கானிக். மேலே போவதும் கீழே வருவதும் அவருக்குச் சாதாரண விஷயம்.

“சாக்ஸ் நல்லாத்தானே இருக்கு,” என்றார். ஒரு வாரத்துக்கு அவருக்குக் காபி ஆறித்தான் கிடைத்தது.

பொறாமை தனியாக உட்கார்ந்திருக்காது, ஆள் சேர்க்கும். பழைய கடை முதலாளிக்கு, எதிர்வீட்டுத் தையல்காரிக்கு, தன் தங்கைக்கு என்று அறிந்தவர் தெரிந்தவர் எல்லோருக்கும், ‘துணி காய்தல்னு தேடி, முதல்ல நிக்கிற கண்றாவியைத் திறந்து பாருங்க’ என்று செய்தி அனுப்பினாள். தானும் தினம் காலை பதினொரு மணிக்கும் பகல் மூன்று மணிக்கும் தேடி, சாக்ஸைத் திறந்து, பெரிதாக்கி, குற்றம் தேடினாள். தன் போர்வையைத் திறக்கவில்லை. அதைத் தெரியாதா அவளுக்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இளையவள் மடிக்கணினியோடு வந்தாள்.

“அக்கா, வேடிக்கையைப் பாருங்க. யார் எப்போ பாத்தாங்கன்னு கணக்குப் பக்கத்துல காட்டுது. யாரோ ஒருத்தங்க தினம் பதினொண்ணுக்கும் மூணுக்கும் என் சாக்ஸைத் திறந்து பாக்கறாங்க. ஒரு நாள் தப்பலை. அதனாலதான் மேல வந்திருக்காம். தேடும்போது திறக்கிற படம் ஏறுமாம், திறக்காம தாண்டிப் போனா இறங்குமாம். கடல்னு தேடறவங்க முன்னாடி போர்வை போய் நின்னா யாரு திறப்பாங்க, அந்த மாதிரி. உங்க எட்டு சொல் யோசனைதான் அக்கா என்னைக் காப்பாத்துச்சு.”

மூத்தவளுக்கு முகம் வெளிறிவிட்டது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவள் வாரிப் போட்டதோடு நிற்காமல் ஊரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு கை போடச் சொல்லியிருக்கிறாள்.

அன்றோடு நிறுத்தினாள். போர்வையின் குறிச்சொற்களில் கடலை எடுத்தாள், அமைதியை எடுத்தாள், ஒன்பதே மிச்சம் வைத்தாள். தெரிந்தவர்களுக்கெல்லாம், ‘போதும், இனிமே பாக்க வேண்டாம்’ என்று சொன்னாள். இரண்டு மாதத்தில் சாக்ஸ் நாலாம் வரிசைக்குச் சரிந்தது. போர்வை பழைய இடத்துக்கு வந்தது. மாமியார் மறுபடி, “எங்க மூத்தவ” என்றார். மூத்தவள் அன்று பாயசம் வைக்காத குறைதான்.

அந்த வாரமே இளையவள் சமையலறை வாசலில் வந்து சாய்ந்துகொண்டாள்.

“நான் படம் அனுப்பறதை விட்டுடலாம்னு பாக்கறேன் அக்கா.”

“ஏன், என்னாச்சு?”

“அந்த ஆளு வர்றதில்லை. கிளினிக்ல நாள் பூரா யாராவது கத்திக்கிட்டே இருப்பாங்க. மூணு மணி ஆனா, இப்போ யாரோ நம்ம படத்தைப் பாத்துக்கிட்டிருக்காங்கன்னு நினைச்சுக்குவேன். அவங்களுக்காகத்தான் எடுத்தேன். அவங்களுக்கே பிடிக்கலைன்னா அப்புறம் என்ன.”

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. மூத்தவள் அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு உட்கார்ந்து தேடினாள். நாலாம் வரிசை வரை இறங்கி, சாக்ஸைத் திறந்தாள். இடது பக்கத்திலிருந்து சாய்வாக வெயில். நூல் நூலாகத் தெரிந்தது. பின்னால் சுவரில் விழுந்த நிழலில் ஜோடியாக இன்னொரு சாக்ஸ் தொங்குவது போலிருந்தது. போர்வைக்கு மூன்று நாள் மல்லுக்கட்டியும் அவளுக்குக் கிடைக்காத வெளிச்சம் அது. முதல் நாள் அந்தப் பெண் கைபேசியை நீட்டியபோதே அவளுக்கு அது தெரியும். மூன்று மணிக்கு மறுபடி திறந்தாள்.

இரண்டு நாள் கழித்து, ஆறு மணிக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் இளையவள் உள்ளே வந்தாள். “அக்கா, அந்த ஆளு திரும்பி வந்துட்டாங்க.”

மூத்தவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். “வராம என்ன. அந்த வெளிச்சத்தை விட்டுட்டு இருக்க முடியாம வந்திருப்பாங்க.”