அண்ணி ஒட்டிய மூலை

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே அண்ணி கூடத்துச் சுவரை விரலால் தட்டிப் பார்த்து, “உள்ள பொக்கா இருக்கு, எப்ப வேணா விழும்” என்றாள். “வந்ததும் வராததுமா குத்தம் சொல்ல ஆரம்பிச்சாச்சு” என்று அம்மா முணுமுணுத்தாள். மறுவாரம் சரியாக அந்த இடத்தில் காரை பொத்தென்று விழுந்தது. அதற்கப்புறம் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அம்மா அண்ணியைத்தான் கேட்பாள்.

அண்ணி கொத்தனார். அதிலும் பழைய கட்டடம் என்றால் உயிர். பிரசவ அறையில் வலியில் கத்திக்கொண்டிருந்தவள், நடுவில் நிறுத்தி, “டாக்டரம்மா, அந்த மூலையில ஈரம் ஏறுது, கட்டிலைத் தள்ளிப் போடுங்க” என்றிருக்கிறாள். எங்கே போனாலும் அண்ணாந்து பார்த்தபடிதான் நடப்பாள். நாலு பேர் மேல் மோதுவாள், மோதினவர்களையே முறைப்பாள்.

நான் ஊரின் பழைய நூலகத்தில் குமாஸ்தா. நூற்றிருபது வருடக் கட்டடம். வாசிப்புக் கூடத்தின் மேற்கூரை ஓரம் முழுக்கச் சுண்ணாம்பில் வார்த்த பூ வரிசை. போன மழையில் ஒரு மூலை அப்படியே பெயர்ந்து பத்திரிகை மேசை மேல் விழுந்தது. மேசையில் நாலு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர்தான் விழித்தார்கள் என்றால் எங்கள் வாசகர்களைப் பற்றிப் புரிந்துகொள்ளுங்கள்.

வேலை அண்ணிக்கு வந்தது. இரண்டு மாதம் சாரத்தின் மேல் மல்லாந்து படுத்து ஒவ்வொரு பூவாகச் செய்தாள். சுண்ணாம்பு வெள்ளையாகப் பளிச்சிடக்கூடாதென்று தேயிலைத் தண்ணீர் கலந்து பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தாள். நூலகத் தேயிலை டப்பா காலி. நான் சண்டை போட்டேன், அது வேறு விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி ஒரு விருது அறிவித்தது. பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிறவர்களுக்கு. ஜெயித்த கட்டடத்தின் வாசலில் பித்தளைப் பலகை பதிப்பார்களாம். வேலை செய்தவர்கள் பெயரும் அதில் இருக்குமாம். அண்ணி அந்த அறிவிப்பை மூன்று தடவை படித்தாள்.

“இருபத்தஞ்சு வருஷமா இன்ஜினியர் பேரு, திறந்து வெச்சவர் பேருன்னு அடுத்தவங்க பேரையே செவுத்துல பதிச்சுட்டு இருக்கேன்டி. ஒரே ஒரு இடத்துல என் பேரு இருக்கணும்னு ஆசையா இருக்கு” என்றாள். ஆசை என்று அவள் வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டதே இல்லை.

நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்டவர் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ரொம்ப அழகா இருக்கு. வேலை எந்த இடத்துல நடந்தது?” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “முந்தி எடுத்த படம் காட்டுங்க” என்றதும்தான் நான் செய்து வைத்த காரியம் நினைவுக்கு வந்தது. படம் எடுக்க வேண்டியவள் நான். எடுத்தேன், ஒன்பது படம். எல்லார் முகமும் விழட்டுமே என்று கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் நெருக்கி நிற்க வைத்து எடுத்தேன். முகம் எல்லாம் விழுந்திருந்தது. இடிந்த மூலை ஒன்றில்கூட இல்லை.

“பரவாயில்ல, நீங்களே காட்டுங்கம்மா” என்றார் கண்ணாடிக்காரர். அண்ணி நீளக் கழியை எடுத்து ஒரு மூலையைத் தட்டினாள். தலையை ஆட்டினாள். எதிர் மூலையைத் தட்டினாள். இரண்டும் ஒரே சத்தம். அண்ணி முகத்தில் அசட்டுச் சிரிப்பு பரவியது. “தட்டிப் பாத்தா எனக்கே வித்தியாசம் தெரியலைங்க!” என்றாள், ஏதோ புதையல் கிடைத்த மாதிரி.

அடிப்பாவி! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதென்றால் இதுதான். மேசை இருந்த பக்கத்தை நான் கைகாட்டினேன். குமாஸ்தா பேச்சை யார் நம்புவது? கண்ணாடிக்காரர் நல்ல மனிதர்தான். “அங்க ஒரு ஓரமா லேசா சுரண்டுங்க. உள்ள புதுசுன்னா தெரிஞ்சிடும். விதிப்படி ஏதாவது சாட்சி வேணும்மா” என்றார்.

“சுரண்டுங்க அண்ணி!” என்று நான் கெஞ்சினேன்.

அண்ணி கரண்டியைக் கையில் எடுத்தாள். அண்ணாந்து பார்த்தாள். கரண்டியைத் திரும்பப் பைக்குள் போட்டாள். “கழுத்து ஒடிய ஒட்டினதுங்க. மன்னிச்சிடுங்க” என்றாள்.

விருது எதிர்ச் சாரியில் இருந்த பழைய வங்கிக் கட்டடத்துக்குப் போனது. கண் கூசும்படி நீல வண்ணம் அடித்திருந்தார்கள், வேலை நடந்தது குருடனுக்கும் தெரியும். அன்றிரவு அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

பத்து நாள் கழித்து வங்கியிலிருந்து ஆள் வந்தது. பித்தளைப் பலகையைப் பதிக்க அவர்கள் துளை போட்டார்களாம். கைப்பிடி கைப்பிடியாகச் சுவர் உதிர்கிறதாம். அண்ணி வந்து பார்த்தால் தேவலையாம். “போகாதீங்க அண்ணி, வெக்கமா இல்ல?” என்று நான் குதித்தேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஏணி பிடிக்க வேறு நாதியில்லை, நான்தான் போனேன்.

துளைகளைச் சுத்தம் செய்து, நனைத்து, காரை ஊட்டி, பலகையைப் பொருத்தினாள். ரசமட்டம் வைத்து இரண்டு தடவை பார்த்தாள். பலகையில் ஆறு பெயர்கள் பளபளத்தன. ஒன்றும் எங்களுடையதல்ல.

“கொஞ்சம் லூசா விடுங்க அண்ணி. அடுத்த மழைக்கு விழட்டும்” என்றேன் கீழேயிருந்து.

அண்ணி கடைசித் திருகாணியை இறுக்கி முடித்துவிட்டுத்தான் குனிந்தாள். “பலகை அவங்களுது. செவுரு என்னடி பாவம் பண்ணுச்சு?”

ஏணியை விடவும் முடியாமல், கண்ணைத் துடைக்கவும் முடியாமல் நின்றேன்.