சின்னதாகிப்போன முதல் அடி

யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் யங்கோனா என்கிற எங்கள் ஊர் வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டு எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் இதைப் பாதியில் விட்டு எழுந்து போகலாம், கோபமில்லை. சண்டை போட்டு நம்பவைக்க எனக்குத் தெம்பு கிடையாது.

பிஜியில், நசினுவில், எங்கள் மாரியம்மன் கோயில் பஜனையில் நான் ஜால்ரா. அதாவது ஒன்றும் வாசிக்கத் தெரியாதவனுக்குக் கொடுக்கிற வேலை. அதிலும் வியர்வையில் கண்ணாடி நழுவும், மணிக்கட்டால் மேலே தள்ளுவேன், அந்த ஒரு அடி மட்டும் செத்துப்போய் விழும், எல்லாரும் சிரிப்பார்கள்.

ஆட்சிக் கவிழ்ப்பு வந்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக விசா வாங்கிக் கிளம்பினார்கள். ஆர்மோனியம் சிட்னிக்கு, புல்லாங்குழல் கனடாவுக்கு. ஆள் போகப்போக அவர் வாசிப்பை நான் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே வந்தேன். என் ஜால்ராவையும் ஏற்றினேன், அங்கேயாவது ஒழுங்காக விழட்டும் என்று. கடைசியில் மேளக்காரர் முன்சாமி அண்ணனும் ஆக்லாந்து போய்விட்டார், அதுவும் தீமிதி நெருங்குகிற நேரத்தில். இனி கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த மேளம்தான்.

மேளம் கேட்டுத்தான் சாமி வரும், சாமி வந்தால்தான் கால் சுடாது. நெருப்பில் முதலில் இறங்குகிறவன் பூசாரி கோபால், என் பெண்டாட்டியின் தம்பி.

"மாமா, மெஷின் அடிச்சா ஆத்தா வருவாளா?"

"வராட்டி என்னடா, தீப்புண் மருந்து வாங்கி வச்சிருக்கேன்."

"உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க."

சிரித்தானே தவிர முகத்தில் ரத்தமில்லை. அவன் கால் என் கையில்.

மென்பொருளில் ஒவ்வொரு அடிக்கும் கீழே ஒரு கோடு நிற்கும். வெலாசிட்டி என்பார்கள், அடியின் பலம். கோடு உயரமானால் அடி பலம், குட்டையானால் மெது. நான் மேளத்தின் எல்லாக் கோட்டையும் உச்சிக்கு இழுத்துவிட்டேன், பலமாக அடித்தால் ஆத்தாளுக்கு எப்படியும் கேட்குமே என்று. டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் முதல் கோடு மட்டும் தரையோடு தரையாகக் கிடக்கிறது. சரி, என் விரல்தான் பட்டிருக்கும் என்று ஏற்றினேன். மழை பெய்கிறதே என்று ஜன்னலைச் சாத்தப் போய்த் திரும்பினால் மறுபடி கீழே. பூனையைத் திட்டினேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முன்சாமி அண்ணன் முதல் அடியைப் பலமாக அடிக்கவே மாட்டார். "தூங்குறவள அடிச்சா எழுப்புவாங்க? தொட்டு எழுப்பணும்டா" என்பார்.

இருந்தாலும் என் பிடிவாதம் தெரியுமே. தீமிதியன்று கோபால் கண் முன்னாலேயே அந்தக் கோட்டை உச்சிக்கு ஏற்றிவிட்டுத்தான் ஓடவிட்டேன். நம்பினால் நம்புங்கள், திரையில் கோடு முழு உயரத்துக்கு நிற்கிறது, ஸ்பீக்கரில் அடி மெதுவாக, தொட்டமாதிரி விழுகிறது. பிறகு ஒரு மூச்சு இடைவெளி, நான் வைக்காதது. அதற்கப்புறம்தான் மேளம் எழுந்தது. கோபாலுக்கு உடம்பு உதறியது, இறங்கினான், நடந்து அந்தப் பக்கம் ஏறினான். காலில் ஒரு கொப்புளம் இல்லை. மருந்து என் சட்டைப்பையிலேயே உருகிக் கிடந்தது.

ஆக்லாந்துக்குப் போன் போட்டேன், அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயம்.

"உசுரோடதான்டா இருக்கேன். கிடங்குல பெட்டி தூக்கித் தூக்கி முதுகுதான் போச்சு. ஏன்டா?"

"சும்மாண்ணே" என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் நானும் கிளம்பிவிட்டேன், பிரிஸ்பேனுக்கு. எங்கே போனாலும் ஷிப்டுதான், தூக்கம்தான் இல்லை. கம்ப்யூட்டரைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டேன்.

போன வாரம் கோபால் கூப்பிட்டான்.

"மாமா, மேளம் சரியா இருக்கு. ஜால்ராதான் அங்கங்க ஒரு அடி செத்துப்போய் விழுது. கோடெல்லாம் ஒரே உயரமாத்தான் நிக்குது. என்ன பண்ணட்டும்?"

நான்தான் இங்கே இருக்கிறேனே. போனைக் காதில் வைத்தபடியே, மணிக்கட்டால் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டேன்.