அக்கா புகழ்ந்தால் ஓடு

கறிக்கடை அக்கா யாரையாவது "மகராசா" என்று கூப்பிட்டால் அவன் ஓடிவிடுவது நல்லது. அவள் புகழ்ந்தால் வசவு, வைதால் பாசம். எலும்பைத் திருடிய ஒருவனை "தர்மப்பிரபுவே" என்று கும்பிட்டுவிட்டு, கத்தியின் பின்பக்கத்தால் மணிக்கட்டை உடைத்தாள். பக்கத்தில் கோழி உரிக்கும் என்னை "மூதேவி" என்பாள். எனக்கு அது போதும். புருஷன் செத்த பிறகு வெட்டுக்கட்டை முன்னால் நின்றே வளர்த்த ஒற்றை மகளுக்கும் "சனியனே"தான்.

கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு காலை மகள் போன் செய்தாள். அக்கா கையெல்லாம் ரத்தம். நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, அவர் தங்கமானவரும்மா. என்னைப் பூ மாதிரி தாங்குறாரு. நீ வரவே வேணாம்."

பின்னால் மாப்பிள்ளை சிரிப்பது கேட்டது. பாவி, பக்கத்தில் நின்று சொல்லவைத்திருக்கிறான். அது அப்போது புரியாத மடச்சி நான், "நல்லா இருக்காக்கா" என்றேன். அக்கா வெட்டுக்கத்தியைப் பைக்குள் வைத்தாள்.

"என் பொண்ணு ஒருத்தனைத் தங்கம்ங்கிறான்னா உசுருக்கு ஆபத்துடி, மூதேவி. நட."

கதவைத் திறந்தவன் மாப்பிள்ளை. மகள் உதடு கிழிந்து, முன்பல் இரண்டு போய், சமையலறைத் தரையில் கிடந்தாள். சுவரிலும் ரத்தம்.

"வழுக்கி விழுந்துட்டா அத்தை. என் செல்லத்தை நான் அடிப்பேனா?"

"நீங்க அடிப்பீங்களா மகராசா? உங்க கை நல்லா இருக்கணும்."

அந்த நாய் நிஜமென்று நம்பி இளித்தான். அக்கா அவன் வலது கையை இழுத்து அடுப்பு மேடையில் வைத்து ஒரே வெட்டு. நான்கு விரல்கள் தரையில் விழுந்தன. அவன் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். வாசலில் கூடியவர்களிடம் பக்கத்து வீட்டுக்காரி, "அந்தம்மா வாழ்த்திக்கிட்டுத்தாங்க இருந்தாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா கத்தியைப் போட்டுவிட்டு மகள் அருகே உட்கார்ந்தாள். ஆயுசில் முதல் முறையாக, "கண்ணே, என் தங்கமே" என்று கையை நீட்டினாள்.

மகள் முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். அந்த மாதிரிச் சொல்லுக்குப் பின்னால் அடிதான் வரும் என்று இரண்டு வீட்டிலும் பார்த்தவள் அவள். அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"சனியனே," என்றாள், குரல் உடைந்து. "எந்திரி. மூஞ்சியைக் கழுவு."

மகள் முழங்கையை இறக்கினாள். நகர்ந்து வந்து அம்மா மடியில் தலையை வைத்தாள்.