கோயில் காளைக்குப் பின்னால் அத்தை ஓடிய நாள்

கோயில் காளையைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, மறிக்கக் கூடாது. அனுமந்தன்பட்டியில் எனக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே தெரிந்த விதிகள் இவை. இன்னொன்றும் உண்டு. காளை ஊர் எல்லையைத் தாண்டினால், அன்று காளையைப் பார்த்துக்கொள்ளும் முறை எந்த வீட்டுக்கோ அந்த வீட்டிலிருந்து ஒருவர் பின்னாலேயே போய், அது தானாகத் திரும்பும்வரை கூடவே இருக்க வேண்டும். சாமியைத் தனியே விட்டார்கள் என்ற பேச்சு வரக் கூடாது.

அன்று எங்கள் வீட்டு முறை. அன்றுதான் அத்தையைப் பெண் பார்க்கவும் வருவதாக இருந்தது. அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. பெற்றவர்கள் போய்விட்டதால் எங்களோடு இருந்தாள். மாப்பிள்ளை போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரி. முதல் மனைவி மலைக்காய்ச்சலில் இறந்து, இரண்டு பிள்ளைகள். மூத்த பிள்ளை அத்தையைவிட இளையது என்பதை எங்கள் வீட்டில் ஒரு பொருத்தமாகவே சொன்னார்கள். அத்தையை யாரும் கேட்கவில்லை.

விருந்தாளிகளை அழைத்துவர அப்பா வண்டி பூட்டிக்கொண்டு உத்தமபாளையம் போயிருந்தார். அம்மா பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். ரோட்டில் போன மோட்டார் பஸ் ஹாரன் அடித்தது. வாசலில் கழுநீர் குடித்துக்கொண்டிருந்த காளை மிரண்டு, பானையை உருட்டிவிட்டு மேற்கே பாய்ந்தது. நாங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் அத்தை தெருவில் இருந்தாள்.

“ஏத்தா, நில்லு! அவுக வார நேரம்! வேற ஆளை அனுப்புவோம்!” என்று அம்மா கத்தினாள்.

“சாமியை விட்டுட்டு நிக்கச் சொல்றீகளா மதினி?”

அந்த நாளுக்கென்று பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிய சுங்குடிச் சேலையை வரிந்து செருகியிருந்தாள். நானும் ஓடினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

வாய்க்கால் கரை, அறுவடை முடிந்த வயல், வாழைத்தோப்பு, வண்டிப்பாதை, அப்புறம் மானாவாரிக் காடு, கடைசியில் மலையடிவாரத்துக் கல்லாங்காடு. இப்போது மதுரையில் நர்ஸ் பயிற்சியில் இருக்கிறேன். எதையும் வரிசையாகச் சொல்லியே பழகிவிட்டது. அன்றைய ஓட்டத்தில் மட்டும் எந்த வரிசையிலும் அடங்காத ஒன்று இருக்கிறது. அத்தை சிரித்துக்கொண்டே ஓடினாள். பல் தெரிய அவள் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வயலில் நின்ற ஒருவர் கையைத் தட்டினார். “ஏத்தா, காளை ஒன்னைய இழுத்துட்டுப் போகுதா, நீ காளையை விரட்டிட்டுப் போறியா?”

“ரெண்டும் இல்லண்ணே! நாங்க ஊரை விட்டே போறோம்!”

ஓடையில் காளை தண்ணீர் குடித்தது. மூச்சு அடங்கியதும் ஊர்ப்பக்கம் திரும்பி, சாவகாசமாக நடக்கத் தொடங்கியது. அத்தை அதற்கு முன்னால் போய் நின்று, முந்தானையை விரித்து, “ஹேய்!” என்றாள். காளை திகைத்து மறுபடி மலையைப் பார்த்து ஓடியது.

“அத்தை, மறிக்கக் கூடாதுல்ல?”

“மறிக்கலடி. வெளையாடுறேன்.”

அது திரும்பும்போதெல்லாம் அப்படியே செய்தாள். நல்ல விளையாட்டாக இருந்தது, நானும் கைதட்டினேன். கடைசியில் காளைக்குச் சலித்துவிட்டது. ஒரு புங்கமரத்தடியில் படுத்து அசைபோட ஆரம்பித்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தாள்.

“பொழுது எறங்கிருச்சு. நல்ல நேரம் தாண்டிருச்சுன்னு அவுக போயிருப்பாகல்ல?”

“போயிருப்பாக. பணியாரம் பூரா நமக்குத்தான்” என்றேன்.

அத்தை என்னை இறுகக் கட்டிக்கொண்டாள்.

காளை தானாக எழுந்து வழிநடத்த, வெளிச்சம் மங்குவதற்குள் வீடு வந்தோம். வாசலில் வண்டி நின்றது. அவர்கள் போகவில்லை. மாப்பிள்ளையின் அக்கா திண்ணையிலிருந்து இறங்கிவந்து காளையைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு அத்தையைப் பார்த்தாள்: கலைந்த தலை, முழங்கால்வரை சேறு, கிழிந்த சுங்குடி. அம்மா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். மாப்பிள்ளையின் அக்கா கையமர்த்தினாள்.

“எதுக்குப் பதறுறீக? வாயில்லாத சாமியவே விடாமப் பின்னால போயிக் கூட்டியாந்திருக்கு. தாயில்லாப் பிள்ளைகளையா விட்டுரும்? இதுக்கு மேல என்னத்தப் பாக்க?”

ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதுதான் வழக்கம். அவர்கள் அன்றே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். பெண் ஒல்லி என்று கேள்விப்பட்டு அரைமனதாகத்தான் வந்தார்களாம். அத்தை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். இதை அம்மா என்னிடம் சொன்னது பல வருடம் கழித்து.

அன்று வண்டி போன பிறகு அத்தை கிணற்றடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்து, குத்தியிருந்த முட்களை ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அழுகை நிற்கவில்லை.

“இன்னுமா வலிக்குது?”

தலையாட்டினாள்.

“எங்கன அத்தை?”

அடுத்த பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு கீறலும் இல்லை. முள் ஆழமாகப் போய்விட்டது போலிருக்கிறது என்று, விளக்கைக் கொண்டுவரச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டேன்.