ஆள் இல்லாத வீட்டின் சொந்தக்காரி

அந்த நகரத்தை, அது வெறும் பொட்டலாக இருந்தபோதே, காகிதத்தில் வரைந்தவர்களில் அவளும் ஒருத்தி. அலுவலகத்தில் எல்லோருக்கும் பிளான் அக்கா. சூரிய மின்சாரம், மழைநீர், கார் நுழையாத தெரு என்று கணக்குப் போட்டவள், பிடிவாதமாக ஒரு விதியையும் நுழைத்தாள். எந்த வீடும் சும்மா பூட்டிக் கிடக்கக் கூடாது. தண்ணீரும் மின்சாரமும் செலவாகாத வீட்டைக் காலி என்று குறித்து, காத்திருக்கும் குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

ஓய்வு பெற்றதும் அங்கேயே குடிவந்தாள். கணவர் போன பிறகு பேச்சுத்துணைக்குச் சுவர்தான். சிக்கனத்தில் மட்டும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. துவைத்த தண்ணீர் செடிக்கு. கண் தெரிகிறவரை விளக்கு கிடையாது. மீட்டரைப் பார்த்துத் தன்னைத் தானே மெச்சிக்கொள்வாள். மெச்ச வேறு யார் இருக்கிறார்கள்?

ஒரு நாள் காலையில் வாசல் கதவு வெளியிலிருந்து திறந்தது. பெட்டி படுக்கையோடு ஒரு பெண், இடுப்பில் குழந்தை. இந்த வீட்டை அவளுக்கு ஒதுக்கிச் சாவியும் கொடுத்திருந்தார்களாம்.

பிளான் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவன் மரியாதையாகத்தான் பேசினான். மீட்டர்படி அங்கே ஆளே இல்லை. இருப்பதை நேரில் பார்த்த யாராவது ஒருவர் சொன்னால் போதும், இல்லாவிட்டால் வீடு கைமாறிவிடும் என்றான். இந்த விதியைப் போட்டதே நான்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அந்த வீட்டுல ஆளு இருக்காங்களா? பழக்கம் இல்லாம நான் எப்படிம்மா சொல்றது?" என்றார் அங்கிருந்தவர். மாடிவீட்டில் அவளை மீட்டர் பார்க்க வந்தவள் என்றே நினைத்தார்கள். நாம் இருக்கிறோம் என்பதற்கு வீடு வீடாகச் சாட்சி தேடுவதும் ஒரு பிழைப்பா?

திரும்பி வந்தபோது அந்தப் பெண் உள்ளே கால் வைக்காமல் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். வருஷக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த வீடு. வாயைத் திறக்காமல் இருந்தால் அவளுக்கே. கொஞ்ச நேரம் குழந்தையின் முகத்தைப் பார்த்தவள், போனைக் கேட்டு வாங்கினாள்.

"இவங்க இங்கதாங்க இருக்காங்க. நான் பார்த்தேன்."

வீடு பிளான் அக்காவுக்கே நிலைத்தது. குழந்தை பசியில் சிணுங்கியது. படியிறங்கியவளை ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் சமைத்திருந்தது ஒரு ஆளுக்குத்தான். அதை எப்படிப் பங்கு போடுவது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் தெருமுனை திரும்பிவிட்டார்கள்.